பதினான்கு நாள் இயக்குநர்

மாசி மாதத்துக் காலை ஒன்றில், லூயிஷாம் ரயில் நிலையத்து வாசலில், கறுப்புப் பை ஒன்றைக் கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, லண்டனுக்கு அபூர்வமாக வாய்த்த நீல வானத்தை நிமிர்ந்து பார்த்து, "ச்சே, வெயில் அடிக்குதே" என்று மனம் உடைந்து நிற்கும் இளைஞர் ஒருவரைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுங்கள். பேச்சுக் கொடுக்காதீர்கள். முக்கியமாக, நீங்கள் எந்த ஊரிலிருந்து, எந்த வருடம் இங்கே வந்தீர்கள் என்று சொல்லிவிடாதீர்கள். அவர்தான் பதினான்கு நாள் இயக்குநர்.

இந்த இனத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். சென்னையில் ஒரு திரைப்படக் கல்லூரியில் படிப்பவர். பண்பாட்டுப் பரிமாற்றம் என்ற பெயரில் லண்டனுக்கு அனுப்பப்படுகிறார். இங்குள்ள கல்லூரி மாணவர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து, பத்து நிமிடப் படம் ஒன்றை எடுத்து, பதின்மூன்றாம் நாள் திரையிட்டு, பதினான்காம் நாள் விமானம் ஏற வேண்டும். ஒரு நகரத்தைப் புரிந்துகொள்ளப் பதினான்கு நாள் போதுமா என்று கேட்காதீர்கள். அவருக்கு நான்கே போதும். முதல் நாள் சிவப்புத் தொலைபேசிக் கூண்டைப் படம் எடுப்பார். கறுப்பு வெள்ளையில் எடுப்பார், அப்போதுதான் அது கலை. இரண்டாம் நாள் ரயிலில் யாரும் தன்னோடு பேசவில்லை என்பதை ஆதாரமாக வைத்து, லண்டன்வாசிகள் தனிமையில் வாடுகிறார்கள் என்று கண்டுபிடிப்பார். மூன்றாம் நாள் இங்கே தமிழர்கள் இருப்பதை அறிவார். நான்காம் நாள் அவர்கள் எல்லோரும் சோகமாக இருக்கிறார்கள் என்று முடிவு செய்வார்.

அதன் பிறகு அவர்களைத் தேடிப் புறப்படுவார்.

கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கமான பிள்ளை. மனிதர்கள்மேல் அளவில்லாத அன்பு உள்ளவர். அந்த அன்பின் காரணமாகவே, எதிரில் இருப்பவர் அழும்வரை அவரைவிட்டு எழுந்து போகமாட்டார். "இயல்பா இருங்க" என்பார்; சொல்லிவிட்டு, உட்கார்ந்திருந்தவரை எழுப்பி, நின்றவரை உட்காரவைத்து, சுவரில் இருந்த கடிகாரத்தைக் கழற்றி, மேசையில் இருந்த சாப்பாட்டுத் தட்டை அகற்றி, அந்த இடத்தில் ஒரு பழைய இரும்புப் பெட்டியை வைக்க முடியுமா என்று கேட்பார். இரும்புப் பெட்டி இல்லை, சக்கரம் வைத்த பெட்டிதான் இருக்கிறது என்றால் முகம் வாடும். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த இனத்தின் புகழ்பெற்ற கேள்வியைக் கேட்பார்: "அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

இங்கிருந்து சென்னைக்குப் பரிமாறப்படுகிற மாணவரும் இதே இனம்தான். அவர் தெருவில் மாட்டைத் தேடுவார். இவர் வீட்டில் கண்ணீரைத் தேடுகிறார். வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த ஆண்டு நமக்கு வந்து சேர்ந்தவர் வருண். கூடவே ஒலிப்பதிவுக்குப் பிரீத்தா என்ற பெண். அதிகம் பேசாதவள், காதில் ஹெட்ஃபோன் மாட்டியவர்களுக்கு மற்றவர்களைக் கேட்பதே வேலை என்பதால் இருக்கலாம். லண்டன் பக்கத்துக் கூட்டாளி லதீசன், கேமராக்காரன். அப்பா அம்மா யாழ்ப்பாணம், பிறந்து வளர்ந்தது இங்கே. கல்லூரியில் இரண்டாம் ஆண்டை இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தான். சென்ற ஆண்டு அவன் எடுத்த படத்தில் பதினோரு நிமிடம் ஒரு புறா நடந்தது. ஆசிரியர்களுக்குப் புறாவின் நோக்கம் விளங்கவில்லை. கார் இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுக்கும் அலுவலகம் வைத்திருந்த அவனுடைய தகப்பனாருக்கு மகனின் நோக்கமே விளங்கவில்லை. "இந்தமுறையும் பெயில் விட்டியெண்டால் ஜூன் மாசம் என்ர ஒப்பிசில வந்து இரு" என்று அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். பரிமாற்றப் படத்துக்குக் கிடைக்கும் மதிப்பெண்தான் லதீசனின் அந்த ஆண்டு. அவனுக்கு மிச்சமிருந்தது அந்தப் பத்து நிமிடம் மட்டும்.

வேறு வழி தெரியாமல், வருணை லூயிஷாமில் இருந்த தன் மாமியின் வீட்டுக்கு அழைத்துப் போனான்.

மாமியின் பெயர் துசியந்தி. வயது ஐம்பத்தொன்று. லண்டன் மாநகரத்தில் இரண்டு தட்டுப் பஸ் ஓட்டுகிறார். சீருடைச் சட்டையோடு வீட்டுக்குள் வந்தவர், அன்று காலை ஒருவன் இரட்டைக் கட்டில் மெத்தையோடு பஸ்ஸில் ஏறப் பார்த்த கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மெத்தையைப் பிடித்திருந்த மற்றவன் நடைபாதையிலேயே நின்றுவிட்டானாம், பஸ் பாதிக் கதவோடு நின்றதாம். கணவர் கமலநாதன் சிரித்தார், லதீசன் சிரித்தான், பிரீத்தாவும் சிரித்தாள். வருண் மட்டும் கவலையோடு பிரீத்தாவின் காதருகில் குனிந்தார்.

"ரொம்ப ஹேப்பியா இருக்காங்க. என்ன பண்றது?"

செய்வதைச் செய்தார். துசியந்தியை நாற்காலியில் உட்காரவைத்துக் கேள்வியை ஆரம்பித்தார்.

"ஆன்ட்டி, இங்க வந்த புதுசுல ரொம்பத் தனிமையா ஃபீல் பண்ணியிருப்பீங்க, இல்லையா?"

"எங்கை தம்பி தனிமை. ரெண்டு அறை வீட்டில பதினொரு பேர் இருந்தனாங்கள். பாத்ரூமுக்கு நம்பர் போட்டு வச்சிருந்தது."

"இல்ல, மனசளவில?"

"மனசளவிலயும் பதினொரு பேர்தான்."

வருண் கேமராவை நிறுத்தச் சொல்லி யோசித்தார். பிறகு, ஒரு சேலை கட்டிக்கொண்டு ஜன்னல் ஓரமாக நின்று, வெளியே, தூரத்தில், எதையோ தொலைத்தவர் போலப் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

"நான் ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் கண்ணாடிக்குள்ளால வெளியிலதான் பாக்கிறன். வீட்டிலயும் பாக்க வேணுமே?" என்றார் துசியந்தி.

எல்லோரும் ஜாக்கெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்கள். அந்த வீட்டில் மூன்று வாரமாக ஹீட்டிங் வேலை செய்யவில்லை. பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. வருணுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அந்நிய மண்ணின் குளிர், உறவற்ற வீடு என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். உறவற்ற வீட்டின் சமையலறையில் கமலநாதன் ஐந்து பேருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"குளிருக்குக் கோவிக்காதேங்கோ தம்பி," என்றார் துசியந்தி. "பொயிலர் பழுதாப் போச்சு. திருத்துற பெடியன், சிவநேசன் எண்டு, இந்தா வாறன் இந்தா வாறன் எண்டு மூண்டு கிழமை. கேட்டால் உள்ளுக்குப் போடுற பாட்ஸ் வரேல்லையாம். அந்தக் கதையைக் கேட்டியள் எண்டால்..."

"அதெல்லாம் வேண்டாம் ஆன்ட்டி. நாம முக்கியமானதைப் பேசுவோம்" என்றார் வருண்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குச் சொல்லப்பட்டது. பாய்லரில் சோகம் இல்லாததால் அவர் காதில் அது விழவில்லை.

நாட்கள் ஓடின. சிவன் கோயில் வாசலில் நின்று, தரிசனம் முடித்து வருகிறவர்களிடம் கொஞ்சம் தனிமையாக நடந்து வரமுடியுமா என்று கேட்டுப் பார்த்தார். அவர்கள் குடும்பம் குடும்பமாகத்தான் வந்தார்கள். சந்தையில் வெண்டைக்காய் வாங்குகிற ஒருவரிடம் ஊர் நினைவு வருகிறதா என்று கேட்டார். "வெண்டிக்காய் முத்தல்" என்று பதில் வந்தது. மழையும் வரவில்லை. மழையில்லாமல் புலம்பெயர் வாழ்க்கையை எப்படி எடுப்பது? ஒன்பதாம் நாளாகியும் கையில் இருந்தது தொலைபேசிக் கூண்டு மட்டும்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. துசியந்திக்கு வாரத்தில் கிடைக்கிற ஓய்வு நாள். அந்த நாளையும் மருமகன் லதீசனுக்காகக் கொடுத்தார். பக்கத்துத் தெருவிலிருந்து சிநேகிதி சுசிலாவும் வந்திருந்தார். மதியச் சாப்பாட்டைப் படம் எடுத்தார்கள். சுசிலா கறியில் உப்புக் குறைவு என்றார், துசியந்தி அவருடைய நாக்கில்தான் குறை என்றார், கமலநாதன் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு மூன்றாம் முறை சோறு போட்டுக்கொண்டார். அழகான காட்சி. வருணுக்கு அதில் ஒன்றுமே கிடைக்கவில்லை. லென்ஸை மூடச் சொல்லிவிட்டார்.

பிரீத்தாவுக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. படப்பிடிப்பு முடிந்ததும், யாரும் பேசாத அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிந்துகொள்வார்கள். ஃபிரிட்ஜின் முனகல், தெருவின் இரைச்சல், அவ்வளவுதான். பின்னால் படத்தை வெட்டி ஒட்டும்போது இடையில் விழும் ஓட்டைகளை அதை வைத்து அடைப்பார்கள். எங்கே படம் எடுத்தாலும் செய்கிற காரியம். "எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஆனால் வருண் ஒரு வார்த்தை சொல்கிற ஆள் இல்லை. இலங்கைத் தமிழரிடம் மேடைத் தமிழில்தான் பேச வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எழுந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, கம்பீரமாக அறிவித்தார்:

"அனைவரும் ஒரு நிமிடம் மௌனமாக இருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

லண்டனில் எந்தத் தமிழ்க் கூட்டத்துக்கும் போய்ப் பாருங்கள். பழைய மாணவர் ஒன்றுகூடலாகட்டும், பிள்ளைகளின் பேச்சுப் போட்டியாகட்டும், பூப்பந்தாட்டப் பரிசளிப்பாகட்டும், விளக்கு ஏற்றி முடிந்ததும் ஒருவர் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து சொல்வது இதே வாக்கியம்தான், இதே ஏற்ற இறக்கத்தோடு. மாண்டவர்களில் யாருக்காக என்று எவரும் கேட்பதில்லை. அவரவரிடம் அவரவருக்கான பெயர் இருக்கிறது.

கமலநாதன் எழுந்தார். சுசிலா கையிலிருந்த கரண்டியை ஓசையில்லாமல் வைத்துவிட்டு எழுந்தார். துசியந்தி எழுந்தார். லதீசன், தமிழில் நாலு வரி ஒழுங்காக எழுதத் தெரியாத லதீசன், கேமராவை மேசையில் வைத்துவிட்டுக் கைகளைத் தொங்கவிட்டு நேராக நின்றான். நான்கு தலைகளும் குனிந்தன. ஃபிரிட்ஜ் முனகியது. நான்கு பேருடைய மூச்சும் குளிரில் சின்னப் புகையாக வந்து வந்து போனது.

வருணுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த ஊர் மரியாதை போலும் என்று நினைத்துத் தன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நிமிடம் முடிந்தது. பிரீத்தா பதிவை நிறுத்தினாள். ஒருவரும் அசையவில்லை. ஏனென்றால் அஞ்சலியைத் தொடங்கியவர்தான் முடித்துவைக்க வேண்டும். நன்றி, அமரலாம் என்று சொல்ல வேண்டும். அது வருணுக்கு எப்படித் தெரியும்? இரண்டு நிமிடம் ஆயிற்று. மூன்றாவதும் ஆயிற்று. கடைசியில் கமலநாதன் குனிந்த தலையை நிமிர்த்தாமல் ஒரு கண்ணை மட்டும் திறந்து, போதுமா என்று கேட்டார்.

"தம்பி, காணுமே?"

பிரீத்தா ஹெட்ஃபோனைக் கழற்றாமல் துசியந்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன ஆச்சு?" என்று வருண் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல. இது போதும்" என்றாள். இயக்குநர்களுக்கு இது போதும் என்று யாராவது சொன்னால் பிடிக்காது. வருண் ஒலிப்பதிவுக் கருவியை இழுத்துத் தன் பக்கம் திருப்பி, எல்லோரும் கேட்க ஓடவிட்டார். ஃபிரிட்ஜ் முனகியது. தெருவில் ஒரு கார் போனது. பிறகு, நாற்பதாவது விநாடி வாக்கில், மூச்சோடு மூச்சாக ஒரு பெண் குரல்: "துளசி."

அவ்வளவுதான். அதன் பிறகு மறுபடியும் ஃபிரிட்ஜ்.

"ச்சே, யாரோ பேசிட்டாங்க. வேஸ்ட். ஒன் மோர்" என்றார் வருண்.

சொல்லி முடித்த பிறகுதான் மூளை மெதுவாக எட்டிப் பார்த்தது. நான்கு பேர் எழுந்து நின்றிருக்கிறார்கள். தலை குனிந்திருக்கிறார்கள். ஒருத்தி ஒரு பெயரைச் சொல்லியிருக்கிறாள். பத்து நாளாக ஊர் ஊராகத் தேடிய காட்சி மூன்று முழு நிமிடம் கண்ணுக்கு முன்னால் நின்றிருக்கிறது, லென்ஸில் மூடி. வருண் அப்படியே சோபாவில் சரிந்தார். தகன மேடையிலிருந்து வந்தவர்கள்கூட அப்படி உட்கார்ந்திருக்கமாட்டார்கள். சுசிலா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

தண்ணீர் குடித்து முடித்ததும் அவர் கேட்டது: "துளசி யாரு ஆன்ட்டி?"

"ஒருத்தரும் இல்லைத் தம்பி. தேத்தண்ணி போடட்டே?"

"அதே மாதிரி இன்னொரு தடவை நிக்கிறீங்களா? சேலையில, ஜன்னல் பக்கம். அதே பேரைச் சொல்லுங்க. அதே ஃபீல்."

துசியந்தியின் முகத்தில் அந்தப் பத்து நாளில் முதல் முறையாகச் சிரிப்பு இல்லை.

"ஏலாது."

"ஆன்ட்டி, இதுதான் படமே. இது இல்லைன்னா நம்ம கையில ஒண்ணுமே இல்ல. புதன்கிழமை ஸ்க்ரீனிங். லதீசனுக்கும் இதுலதானே மார்க்கு."

இதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. இந்த இனத்துக்கு மிரட்டத் தெரியாது. கையில் கத்தி இருப்பது தெரியாமலே கையை வீசிப் பேசுகிற இனம்.

"விடுங்கோ மாமி. ஐ'ம் ஃபைன்," என்றான் லதீசன். "அப்பாவின்ர ஒப்பிசில ஹீட்டிங் எண்டாலும் வேலை செய்யுது."

துசியந்தி அவனைப் பார்த்தார். சிக்னலில் சிவப்பு மாறும்வரை பஸ் நிற்குமே, அவ்வளவு நேரம் பார்த்தார். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து தெரிந்த முகம். ஜூன் மாதத்திலிருந்து அந்த முகம் கார் இன்சூரன்ஸ் படிவங்களுக்கு மேலே எப்படி இருக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"முதல்ல எடுத்ததை அழிக்கவேணும்," என்றார். "எனக்கு முன்னால."

"ஐயோ ஆன்ட்டி, அது ஒரிஜினல். பிரீத்தா, ஒரு காப்பி எடுத்துட்டு..."

பிரீத்தா அதற்குள் அழித்துவிட்டாள்.

"வேற எங்கையும் இருக்கோ பிள்ளை?"

"இல்ல ஆன்ட்டி. ஒண்ணுதான் இருந்துச்சு. போயிடுச்சு."

துசியந்தி மாடிக்குப் போனார். கருநீலப் பட்டுச் சேலையில், உள்ளே இரண்டு ஸ்வெட்டரோடு, கொஞ்சம் பருத்து இறங்கி வந்தார். வெளியே வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. ஆகவே கமலநாதன் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டு, ஹோஸ் பைப்பைப் பிடித்து ஜன்னல் கண்ணாடியில் மழை பெய்வித்தார். லதீசன் கேமராவுக்குப் பின்னால் போனான். பிரீத்தா மைக்கைப் பிடித்தாள். வருண் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு கிசுகிசுத்தார்: "ஆக்‌ஷன். இயல்பா இருங்க."

துசியந்தி ஜன்னலோரம் நின்றார். தலை குனிந்தார். இருபதாவது விநாடியில் கண் கலங்கியது. முப்பதாவதில் ஒரு சொட்டு மூக்கின் பக்கமாக இறங்கி, வெளிச்சம் விழுகிற இடத்தில் நின்றது. இதையெல்லாம் எங்கே கற்றார் என்று நீங்கள் கேட்கலாம். இருபது வருடம் லண்டன் பயணிகளுக்குச் சிரித்த முகம் காட்டியவருக்கு அழுத முகம் காட்டுவதா பெரிய வேலை? நாற்பதாவது விநாடியில், முதல் தடவை போலவே மூச்சோடு மூச்சாக, உதடு மெல்லத் துடிக்க, ஒரு பெயரைச் சொன்னார்.

"சிவநேசன்."

ஆம். அதே சிவநேசன்தான். பாட்ஸ் வரவில்லை என்று சொன்னவர்.

சுசிலா கழுத்துத் துணியை வாய்க்குள் திணித்துக்கொண்டார். பிரீத்தா கருவியின்மேல் குனிந்தவள் நிமிரவே இல்லை. லதீசனின் தோள்கள் குலுங்க, அவன் பிடித்திருந்த கேமராவும் சேர்ந்து குலுங்கியது. கண்ணாடிக்கு வெளியே எதுவும் கேட்காத கமலநாதன் கடமையே கண்ணாக மழை பெய்துகொண்டிருந்தார். வருண் அழுதார். உண்மையாகவே அழுதார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த இனத்தின் கண்ணீர் எப்போதும் அசல்தான். அதைப் பிறர் வீட்டில் விடுகிறார்கள் என்பதுதான் சிக்கல்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "சிவநேசன் யாரு ஆன்ட்டி?"

"வாறன் எண்டு சொன்னவர் தம்பி. வரேல்லை."

வருண் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். துளசியைப் பற்றி அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை. இந்தப் பெயருக்குப் படம் இருந்தது. அந்தப் பெயருக்கு இல்லை.

புதன்கிழமை மத்தியானம் கல்லூரி அரங்கில் திரையிட்டார்கள். படத்தின் பெயரில் ஒரு சொல்லும் மூன்று புள்ளிகளும் இருந்தன. தொலைபேசிக் கூண்டு வந்தது. ஆளில்லாத ரயில் மேடை வந்தது. பிறகு ஜன்னல், மழை, சேலை, கண்ணீர், பெயர். திரை இருண்டு, 'சிவநேசனுக்கு' என்று வெள்ளை எழுத்து வந்தபோது அரங்கில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது.

மூன்றாம் வரிசையில் துசியந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வேலைக் காற்சட்டையோடு பற்றிஸ் பலகாரம் கடித்துக்கொண்டிருந்தவரும் மூக்கை உறிஞ்சினார். அவர் செவ்வாய்க்கிழமை திடீரென்று வந்து நாற்பது நிமிடத்தில் பாய்லரைத் திருத்திக் கொடுத்திருந்தார். துசியந்தி வற்புறுத்தி அழைத்திருந்தார்.

"அக்கா, என்ர பேரில ஆரோ பாவம்," என்றார் சிவநேசன். "எப்பிடிச் செத்தவர்?"

"சாகேல்லை. பாட்ஸ் வரேல்லை எண்டு சொன்னவர்."

சிவநேசன் கையிலிருந்த பற்றிஸை அப்படியே வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார், துசியந்தியைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். பிறகு மெல்ல இருக்கையில் கீழே சறுக்கிப் போனார்.

மேடையில் கேள்வி நேரம். கண்ணாடி போட்ட ஆங்கிலப் பேராசிரியை எழுந்து, மழைக்கு அப்பால் கலங்கலாகத் தெரிகிற அந்த உருவம் யார் என்று கேட்டார். வருண் கண்ணை மூடிக்கொண்டார்.

"அது நினைவு" என்றார்.

நினைவு, சுசிலாவுக்கு அடுத்த இருக்கையில், கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தது. கமலநாதனுக்கு வாழ்க்கையில் அவ்வளவு பெரிய வேடம் கிடைத்ததில்லை.

துயரத்தின் முன்னால் கேமராவே நடுங்கியது என்று பேராசிரியை தனியாகப் பாராட்டினார். ஒளிப்பதிவுக்கு அந்த ஆண்டின் மிக உயர்ந்த மதிப்பெண். கார் இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கு ஜூன் மாதத்தில் வேறு ஆள் பார்க்க வேண்டியதாயிற்று. லதீசன் மாமியை எட்டிப் பார்த்தான். அவர் பஸ் ஓட்டுநர்கள் எதிரில் வரும் பஸ்ஸுக்குக் காட்டுவது போல ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினார்.

வருண் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஒரு நிமிட மௌனத்தைத் தான் எப்படிப் படிப்படியாக உருவாக்கினார், நம்பிக்கையை எப்படிச் சம்பாதித்தார், இப்படிப்பட்ட மனிதர்களிடம் எதையும் கேட்கக் கூடாது, காத்திருக்க வேண்டும் என்றெல்லாம் விளக்கினார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

பிரீத்தா மட்டும் அரங்கைவிட்டு வெளியே வந்திருந்தாள். அவளுக்கு முன்பே கிளம்பியிருந்த துசியந்தி பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். நாலரை மணி ஷிப்டுக்குப் போக வேண்டும். பதின்மூன்று நாளாக வராத மழை அப்போதுதான் பிடித்தது, ஒரு கேமராவும் இல்லாத நேரமாகப் பார்த்து. பிரீத்தா பக்கத்தில் வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்கவில்லை. எப்படி இருந்துச்சு என்று கேட்கவில்லை. எதுவுமே கேட்கவில்லை. குடை இல்லாமல் வந்துவிட்டாள் என்பதால் துசியந்தி தன் குடையை அவள் பக்கம் நகர்த்தினார்.

கொஞ்ச நேரம் கழித்து, "துளசி வந்து..." என்று ஆரம்பித்தார்.

ஏற வேண்டிய பஸ் வந்தது. துசியந்தி ஏறவில்லை. கால அட்டவணையை வேதமாக மதிக்கிறவர், அதைப் போகவிட்டார். அடுத்ததும் வந்து, கதவைத் திறந்து, மூடிக்கொண்டு போனது. பிரீத்தா கேட்டுக்கொண்டு நின்றாள். மூன்றாவது பஸ் வந்தபோது அவளுடைய கையை ஒருதரம் அழுத்திவிட்டு ஏறிப் போனார். பிரீத்தா மறுநாள் விமானம் ஏறினாள். அவள் பையில் இருந்த எந்தக் கருவியிலும் அந்த அரை மணி நேரம் இல்லை.

துளசி தங்கையா, சிநேகிதியா, பிள்ளையா? என்ன ஆனாள்?

கேட்டுவிட்டீர்களா? ஃபிரிட்ஜின் முனகலுக்கு நடுவில் அந்தப் பெயர் கேட்ட இடத்திலிருந்தே இதைத்தான் கேட்டுக்கொண்டு வருகிறீர்கள். பாய்லருக்குச் சிரித்தீர்கள், ஹோஸ் பைப்புக்குச் சிரித்தீர்கள், ஆனால் சிரித்துக்கொண்டே ஒரு கண்ணைத் துளசியின் மேலேயே வைத்திருந்தீர்கள். கடைசியில் எப்படியும் சொல்லிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில், ஒரு கடற்கரையையோ, ஒரு மருத்துவமனை வராந்தாவையோ, பாதியில் நின்றுபோன ஒரு கடிதத்தையோ நீங்களே தயாராக வைத்திருந்தீர்கள். கொஞ்சம் கண்ணீரும் எடுத்து வைத்திருப்பீர்கள், அசல் கண்ணீர். அந்த அம்மா ஒரு முறை ஏலாது என்று சொன்னது உங்களுக்கும் கேட்டது. இருந்தாலும், அதே ஃபீலில், இன்னொரு தடவை.

பரவாயில்லை. எழுந்து போய் உங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்து வெளியே பாருங்கள். வெயில் அடிக்கிறதா? மனதில் சின்னதாக ஓர் ஏமாற்றம் தட்டுகிறதா?

பையை எடுத்துக்கொள்ளுங்கள். லூயிஷாமுக்கு ரயில் இருக்கிறது.